விண்ணப்பத்தில் ஒரு வரி

வேலை தேடி இந்நகருக்கு வந்தவர்களும் அவர்தம் மக்களும் கூடி நடத்துவதே நம் தமிழ்ச் சங்கம் என்றால் அது மிகையாகாது. தகரப் பெட்டி ஒன்றில் இரண்டு வேட்டிகளையும், தட்டெழுத்து, சுருக்கெழுத்துச் சான்றிதழ்களையும், ஊர்ப் பெரியவர் ஒருவரின் நற்சான்றுக் கடிதத்தையும் வைத்துக்கொண்டு தாதரில் வந்து இறங்கிய அந்தத் தலைமுறையை நம்மில் பலர் நேரில் கண்டிருக்கிறோம். மாதுங்காவில் ஓர் அறையில் ஆறு பேர் தங்கி, மெஸ்ஸில் உண்டு, இரவில் விளக்கடியில் அமர்ந்து அவர்கள் விண்ணப்பங்கள் எழுதினார்கள். தாராவிக்கு வந்த திருநெல்வேலிக்காரர்களுக்கு அதுவும் இல்லை. தோல் பதனிடும் கொட்டகையிலோ ஆலையிலோ முன்னமே இருந்த உறவினர் ஒருவரின் வாய்ச்சொல்லே அவர்களுக்கு விண்ணப்பம். எவ்வாறாயினும், பிறர் கதவைத் தட்டி, வேலை கேட்டு நிற்கும் நிலை எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தில் எதை எழுதுவது, எதை எழுதாது விடுவது என்னும் வினாவும் நமக்குப் புதியதன்று. 1966-இல் சிவசேனை தோன்றிய காலத்தை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். நகரத்து அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னிந்தியர்களின் பெயர்களை 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழ் பட்டியலிட்டு வெளியிட்ட காலம் அது. அந்தப் புண் ஆறிவிட்டது; அதைக் கிளறுவது என் நோக்கமன்று. ஆனால் அந்நாட்களில் ஒருவனுடைய பெயரே அவனுக்கு எதிரான சாட்சியாக நின்றது என்பதை மட்டும் நினைவுபடுத்த விரும்புகிறேன். 'சுப்பிரமணியன்' என்றிருந்தவர் 'எஸ். மணி' ஆனார். மணி என்றால் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம் அல்லவா? என் தந்தையார் 1967-இல் கும்பகோணத்திலிருந்து வந்தவர். உடனிருந்த நண்பர்கள் எவ்வளவோ சொல்லியும் அவர் தம் முழுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்தே எழுதினார். வேலையும் கிடைத்தது. 'பெயரை மறைத்து வாங்கும் சம்பளம் உடம்பில் ஒட்டாது' என்று அவர் சொல்வதைக் கேட்டே நான் வளர்ந்தேன். அந்தச் சொல்லை நான் இன்னொருவருக்கு அறிவுரையாக வழங்கியதும், அதனால் நேர்ந்ததுமே இக்கட்டுரைக்குக் காரணம்.

2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அலுவலக நண்பர் ஒருவர் வாயிலாக, பார்வையற்ற மாணவி ஒருத்திக்குத் தேர்வில் பதில் எழுதித் தரும் உதவியாளனாகச் சென்றேன். தேர்வருக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் கூடுதல் காலம் தர வேண்டும் என்பதும், தேர்வர் தாமே உதவியாளரை அழைத்து வந்தால் அவருடைய படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்பதும் 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள். அவள் எம்.ஏ.; நான் பி.ஏ. மேற்படிப்புப் படிக்காமற் போனதே ஒரு தகுதியாக எனக்குப் பயன்பட்டது வாழ்வில் அந்த ஒரு முறைதான்.

அவள் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். தந்தை தோல்பை தைப்பவர். தாய் 90 அடிச் சாலையில் காலை நேரத்தில் இட்டிலி விற்பவர். தேர்வு நிலையத்தின் வாசலில் அந்த அம்மையார் என்னிடம், "இன்னைக்கு இவ கை நீங்கதான், அண்ணாச்சி" என்றார். அந்தச் சொல்லின் முழுப் பொருள் உள்ளே சென்ற பின்னரே எனக்கு விளங்கிற்று.

கணினியில் வினாக்களை நான் படிப்பேன்; அவள் விடை சொல்வாள்; நான் சுட்டியை அழுத்துவேன். ஐந்து இலக்க எண்களைக் கொண்ட கணக்குகளை அவள் மனத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டு செய்த விதம், எட்டாம் வாய்ப்பாட்டுக்கே தாளைத் தேடும் என்னை வெட்கப்படுத்தியது. ஒரு வினாவில், அவள் சொன்ன விடை தவறு என்று எனக்குத் தெரிந்தது. சரியான விடையும் எனக்குத் தெரியும். என் விரல் ஒரு கணம் தயங்கியது. அந்தத் தயக்கத்தை அவள் எப்படியோ உணர்ந்துகொண்டாள். "சார், நான் சொன்னதைப் போடுங்க" என்றாள். போட்டேன்.

வாய் திறவாதிருத்தலே நேர்மையாகும் இடமும் உண்டு என்பதை நான் கற்றுக்கொண்ட கணம் அது. ஆயினும் கற்றதை உடனே பயன்படுத்தும் அறிவு எனக்கு வாய்க்கவில்லை.

தேர்வு முடிந்து, சயான் நிலையம் வரை உடன் சென்றபோது, அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அரசுத் தேர்வுகளின் முடிவுக்காகக் காத்திருக்கும் வேளையில் தனியார் நிறுவனங்களுக்கும் அவள் விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். "எனக்குப் பார்வை இல்லைங்கறதை விண்ணப்பத்திலேயே எழுதணுமா சார்? இல்லை, நேர்காணலுக்குக் கூப்பிட்ட பிறகு தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுடலாமா?" அதுவரை அவள் எழுதாமலே அனுப்பி வந்திருந்தாள். அவ்வப்போது அழைப்புகள் வந்தன. சென்றாள். ஒன்றும் நிலைக்கவில்லை.

அந்த நேர்காணல்களைப் பற்றி அவள் சொன்னவற்றை இங்கே சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். கண் உள்ள நமக்கு அவை எளிதில் தோன்றாதவை. அறைக்குள் நுழைந்ததும் முதலில் ஓர் அமைதி. அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். எதிரே இருவரா, ஐவரா என்று தெரியாது. ஒருவர் இருமினால் ஒருவர் கணக்கில் சேருவார். நாற்காலி எங்கே என்று யாரும் சொல்வதில்லை. திடீரென்று ஒரு கை தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைக்கும். பிறகு வரும் கேள்வி அவளிடம் அன்று, உடன் வந்த தாயிடம். "இவர் தனியாக வருவாரா?" "கழிவறைக்கு யார் அழைத்துப் போவார்கள்?" "தீப்பிடித்தால் படியிறங்குவாரா?" இவற்றை அவர்கள் பகைமையால் கேட்பதில்லை. பலர் உண்மையான இரக்கத்தோடுதான் கேட்கிறார்கள் என்பதை அவளே ஒப்புக்கொண்டாள். ஆனால் கேட்கும் நேரமெல்லாம் அதிலேயே கழிந்துவிடுகிறது. எம்.ஏ. வகுப்பில் என்ன படித்தாய், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதத் தெரியுமா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

ஓரிடத்தில் அவள் தன் மடிக்கணினியைத் திறந்து காட்டியிருக்கிறாள். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்கள் இப்போது உள்ளன. அவற்றுள் 'என்.வி.டி.ஏ.' என்பது பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் இருவர் 2006-இல் தொடங்கி வளர்த்து, உலகெங்கும் இலவசமாகத் தந்தது. பழகியவர்கள் அதன் குரலை மிகுந்த வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். நம் காதுக்கு அது தேனீயின் ரீங்காரம்போல் இருக்கும். அவளும் அப்படியே ஓடவிட்டு, ஒரு கடிதத்தைத் திறந்து, திருத்தி, மூடிக் காட்டினாள். எதிரே இருந்தவர், "எங்களுக்கு ஒன்றும் புரியவில்லையே, இதை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வாய்?" என்றாராம். புரிய வேண்டியது அவருக்கன்று, அவளுக்கு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லை.

இவ்வளவையும் கேட்ட பிறகும் நான் என்ன சொன்னேன்? என் தந்தையாரின் சொல்லைச் சொன்னேன். "எழுதிவிடு அம்மா. மறைத்துப் போய் நின்றால் அவர்கள் திடுக்கிடுகிறார்கள், ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள். முன்னமே அறிந்து அழைப்பவர் மனம் விரும்பி அழைப்பவர். அப்படி ஓர் அழைப்பு வந்தால் போதும்." நான் குமாஸ்தா. படிவத்தில் ஒரு கட்டமும் வெற்றாக இருக்கக் கூடாது என்பது இருபது ஆண்டுகளில் என் எலும்பில் ஏறிய பாடம். அவள் என் சொல்லை மதித்து, அன்று முதல் எழுதத் தொடங்கினாள்.

எட்டு மாதங்கள் கழிந்தன. ஓர் அழைப்பும் வரவில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் அவள் தொலைபேசியில் பேசினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "நீங்க உண்மையை எழுதச் சொன்னீங்க, எழுதினேன் சார். அவங்க ஒருத்தர்கூட 'உனக்குக் கண் தெரியாததால உன்னைக் கூப்பிடலை'ன்னு எழுதலையே. உண்மை என் பக்கம் மட்டும்தானா?" என்றாள்.

என்னிடம் விடை இல்லை. அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

வாய்மை என்னும் அதிகாரத்தை நாம் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தோம். பிறர்க்குத் தீங்கு விளையாத சொல்லையே அங்கே வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணமாக வைக்கிறார். நடந்ததை நடந்தவாறு ஒப்பிப்பதை அன்று. அடுத்த குறளில் அவர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். அதைத் துணைக்கு அழைக்க எனக்குத் துணிவும் இல்லை, தேவையும் இல்லை. ஏனெனில் அந்தப் பெண் பொய் சொல்வதா என்று கேட்கவில்லை. கேட்கப்படாததைச் சொல்ல வேண்டுமா என்றே கேட்டாள். அதே நூலில், வேலைக்கு ஆளைத் தேர்வதற்கென்றே 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அன்பு, அறிவு, தெளிவு, பேராசையின்மை ஆகிய நான்கையும் ஆராயச் சொல்கிறார் அவர். பத்துக் குறள்களில் ஒன்றிலேனும் உடம்பின் குறை பற்றிய பேச்சு இல்லை. வேலை தேடுபவர்க்கு வாய்மையைக் கற்பிக்கும் நாம், வேலை கொடுப்பவர்க்கு இந்த அதிகாரத்தைப் படித்துக் காட்டியதுண்டா?

சட்டத்தின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அது என் தொழிலுக்கு அண்மையானது. மத்திய அரசின் மூன்றாம், நான்காம் பிரிவுப் பணிகளில் உடற்குறையுற்றோர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு 1977-இல் குறிப்பாணை ஒன்றின் மூலம் வந்தது. அதில் பார்வையற்றோர் பங்கு 1 விழுக்காடு. அக்காலத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தொலைபேசி இணைப்பாளர் வேலையும், பிரம்பு நாற்காலி பின்னும் வேலையும்தான். நான் பணியில் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் ஒரு தொலைபேசி இணைப்பாளர் இருந்தார். 'ஹலோ' என்ற ஒரு சொல்லில் எந்தப் பிரிவின் எந்த அதிகாரி என்று சொல்லிவிடுவார். தானியங்கி இணைப்பகம் வந்ததும் அந்த வேலை மறைந்தது. பிளாஸ்டிக் நாற்காலி வந்ததும் பிரம்பு வேலையும் மறைந்தது. நேர்காணல் செய்யும் அதிகாரிகள் அமர்ந்த நாற்காலிகளைப் பின்னிய விரல்கள் நேர்காணல் மேசைக்கு எதிரே வந்து அமர நெடுங்காலம் ஆயிற்று. உயர் பணிகளுக்கான தேர்வைப் பிரெயிலிலோ உதவியாளர் துணையுடனோ எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல்தான் வழி திறந்தது. 1995-இல் சட்டம் வந்தது. 2016-இல் அதனினும் விரிவான சட்டம் வந்து, ஒதுக்கீடு மொத்தம் 4 விழுக்காடாயிற்று. ஆனால் ஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கே உரியது. ஆகவே, பார்வையற்றவர் என்னும் அதே வரி அரசு விண்ணப்பத்தில் சாவி. தனியார் விண்ணப்பத்தில் தாழ்ப்பாள். ஒரே மேசையில் அமர்ந்து ஒரே நாளில் இரண்டையும் நிரப்பும் ஒருத்தியின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

சாவி இருந்தும் கதவு திறவாததும் உண்டு. நமக்கு அண்டையிலுள்ள உல்லாஸ்நகரைச் சேர்ந்த பிராஞ்சல் பாட்டீல், ஆறு வயதில் பார்வையை இழந்தவர். தாதரில் உள்ள கமலா மேத்தா பார்வையற்றோர் பள்ளியிலும், செயின்ட் சேவியர் கல்லூரியிலும் படித்தவர். 2016-இல் குடிமைப் பணித் தேர்வில் 773-ஆம் இடம் பெற்றார். இரயில்வே கணக்குப் பணி ஒதுக்கப்பட்டது. பின்னர், முழுதும் பார்வையற்றவர் என்பதனால் அப்பணி மறுக்கப்பட்டது. அவர் எதையும் மறைக்கவில்லை. எல்லாக் கட்டங்களையும் நிரப்பியே தேர்வு எழுதினார். தேர்வு அவரை ஏற்றது, நேர்காணல் ஏற்றது, நாற்காலி ஏற்கவில்லை. மறு ஆண்டு மீண்டும் எழுதி 124-ஆம் இடம் பெற்று, இந்திய ஆட்சிப் பணியில் கேரளத்துக்குச் சென்றார். 2019 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் துணை ஆட்சியராகப் பொறுப்பேற்றார். தாராவிப் பெண் என்னிடம் பேசிய அதே மாதம்!

"பேப்பர்ல அவங்க படம் வந்திருக்காமே சார். தெருவுல எல்லாரும் எங்க அம்மாகிட்ட வந்து சொல்றாங்க. 'உன் பொண்ணும் கலெக்டர் ஆயிடும்'ங்கறாங்க. எனக்குக் கலெக்டர் வேலை வேண்டாம் சார். கிளார்க் வேலை போதும்" என்றாள்.

இதை நான் மிகுந்த கவனத்தோடு எண்ணிப் பார்த்திருக்கிறேன். பார்வையற்றோரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாம் உடனே மேதைகளை அழைத்துவிடுகிறோம். அந்தகக்கவி வீரராகவ முதலியாரைச் சொல்கிறோம். அம்மையால் பார்வையிழந்தும் இராமநாதபுரத்து அவையில் புலவராக வீற்றிருந்த பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரைச் சொல்கிறோம். சென்னையைச் சேர்ந்த பெனோ செபின், முழுதும் பார்வையற்றவர்களில் முதல்வராக 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்ததைச் சொல்கிறோம். இவர்கள் போற்றத்தக்கவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கண் உள்ளவன் நடுத்தர அறிவோடு நடுத்தர வேலை பெறலாம். கண் இல்லாதவர் மட்டும் கவிச்சிங்கமாக இருக்க வேண்டுமா? என் நேர்காணலில் என்னை எவரும் மேதையாக இருக்கச் சொல்லவில்லை. விகிதாசாரக் கணக்கு ஒன்று கேட்டார்கள். அதையும் நான் தட்டுத் தடுமாறித்தான் செய்தேன்.

மேதைகளில் ஒருவரை மட்டும் வேறொரு காரணத்துக்காக இங்கே அழைக்கிறேன். ஆங்கிலக் கவிஞர் மில்டன் ஒரு வகையில் எங்கள் இனம், அரசாங்க ஊழியர். 1649-இல் இங்கிலாந்துக் குடியரசில் அயல்நாட்டுக் கடிதங்களை இலத்தீனில் எழுதும் செயலாளராகச் சேர்ந்தார். 1652-க்குள் முழுதும் பார்வை போயிற்று. வேலை போகவில்லை. பிறர் படிக்கக் கேட்டு, பிறர் எழுதச் சொல்லி, உதவியாளர் துணையோடு பல்லாண்டுகள் தொடர்ந்தார். இப்போது ஒன்று கேட்கிறேன். அவர் 1649-இல் பார்வை இல்லாமல் வேலை கேட்டு வந்திருந்தால் அந்த நாற்காலி கிடைத்திருக்குமா?

எங்கள் அலுவலகத்திலும் இதைக் கண்டேன். மூத்தவர் ஒருவர்க்குக் கண்ணில் அழுத்தநோய் வந்து, ஐம்பத்திரண்டாம் வயதில் பார்வை முழுதும் மங்கியது. பணியில் இருக்கும்போது உடற்குறை நேர்ந்தவரை வேலையினின்று நீக்கக் கூடாது என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொன்னது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்தக் காப்பு உண்டு. அவருக்கு வேறு பிரிவில் இடம் தந்தார்கள். விதிகளெல்லாம் அவருக்கு மனப்பாடம். நாங்கள் கோப்பைப் படித்துக் காட்டுவோம், குறிப்பு எழுத வேண்டியதை அவர் சொல்வார். ஓய்வு பெறும் நாள்வரை நன்றாகவே வேலை பார்த்தார். கழிவறைக்கு எப்படிப் போவீர்கள் என்று அவரை எவரும் கேட்டதில்லை. தேநீர் வேளையில் யாரேனும் ஒருவர் இயல்பாகவே கை கொடுத்து அழைத்துப் போனோம், அவ்வளவுதான். அவரை நாங்கள் முன்னமே அறிந்திருந்தோம். வேலை தெரிந்தவர், கண் பிறகு போயிற்று என்று எங்கள் மனத்தில் வரிசை அமைந்திருந்தது. வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கோ வரிசை மாறிவிடுகிறது. கண் இல்லாதவள் என்பது முன்னே வந்து நிற்கிறது. வேலை தெரிந்தவள் என்பது உள்ளே நுழையவே முடிவதில்லை.

விண்ணப்பத்தின் அந்த ஒரு வரி செய்வதும் இதையேதான். அது பொய்யன்று. ஆனால் முதலில் படிக்கப்பட்டால், மற்ற வரிகளைப் படிக்கவிடாமல் செய்கிறது. முப்பது வரி உண்மையை ஒரு வரி உண்மை விழுங்கிவிடுமானால், அதைப் பின்னால் சொல்வது மறைத்தல் ஆகுமா? ஆகாது என்பதே இன்று என் கருத்து. வேலைக்கு எது தேவையோ அதைக் கேட்க வேண்டியது கேட்பவரின் கடமை. கேட்டால் ஒளிக்காமல் சொல்வது சொல்பவரின் கடமை. 'இந்தக் கணக்குப் புத்தகத்தை நீ எப்படிப் பார்ப்பாய்?' என்று ஒருவர் கேட்டால் அது நேர்மையான கேள்வி. அதற்கு அவளிடம் விடை இருக்கிறது. கேளாமலே தமக்குள் விடை எழுதிக்கொண்டவருக்கு அவள் எந்த உண்மையைக் கடன்பட்டிருக்கிறாள்?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கண் இன்றியமையாத வேலைகள் உண்டு. அவற்றை எவரும் மறுக்கவில்லை. நான்கு பேரை வைத்துச் சிறு தொழில் நடத்தும் ஒருவர், எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் மென்பொருளைப் பற்றி விசாரித்து வைத்திருப்பேனே என்று சொன்னால், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த வேலைக்குக் கண் இன்றியமையாதது என்பதைத் தீர்மானிப்பதில்தான் நாம் மீண்டும் மீண்டும் அவசரப்பட்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2014-இல் உரிமையியல் நீதிபதிப் பணிக்கு விளம்பரம் வந்தபோது, பார்வைக் குறை 50 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்று வரம்பு கட்டினார்கள். 70 விழுக்காடு குறையுள்ள சுரேந்திர மோகன் என்னும் வழக்கறிஞர் வழக்காடினார். அந்த வரம்பு செல்லும் என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டுகளே கழிந்தன. 2025 மார்ச் 3 அன்று அதே நீதிமன்றம், பார்வையின்மை ஒன்றையே காரணம் காட்டி எவருக்கும் நீதித்துறைப் பணியை மறுக்கலாகாது என்று கூறி, பார்வையற்றோரை விலக்கிய மத்தியப் பிரதேச விதியைத் தள்ளியது. சட்டமே தன் கண்ணைத் திருத்திக்கொள்ள அத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்றால், ஒரு தனியார் நிறுவன மேலாளர் பத்து நிமிடத்தில் எடுக்கும் முடிவைப் பற்றி என்ன சொல்வது!

அந்தப் பெண் என் அறிவுரையையும் விட்டாள். தன் பழைய வழியையும் விட்டாள். மூன்றாவதாக ஒன்றைத் தானே கண்டுபிடித்தாள். 'பார்வையற்றவள்' என்று எழுதாமல், தகுதிகளின் வரிசையில், 'திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு கணினியில் பணிபுரிவேன்' என்று எழுதினாள். அது முழு உண்மை. அதன் பொருளை அறிந்தவர்கள் அறிந்தே அழைத்தார்கள். அறியாத சிலர், ஏதோ கூடுதலான கணினிப் பயிற்சி போலும் என்று எண்ணி அழைத்தார்கள். இதைச் சொல்லி அவள் சிரித்தாள். அதற்குள் பெருந்தொற்று வந்து எல்லா அலுவலகங்களும் மூடின. முடிவில் 2021-இல் வங்கி ஒன்றில், ஒதுக்கீட்டு இடத்தில், எழுத்தர் வேலை கிடைத்தது. அந்த விண்ணப்பத்தையும் அவளால் தனியே அனுப்ப முடியவில்லை. படத்தில் கோணலாகத் தெரியும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்தால்தான் இணையப் படிவம் நகரும். பக்கத்து வீட்டுப் பள்ளிச் சிறுவன்தான் பார்த்துச் சொன்னான். (மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கோணல் எழுத்துகளின் காதுக்கு அது எட்டும் நாளை எதிர்நோக்குகிறேன்.) இன்று அவள் சயானிலிருந்து இரயிலில் தனியே சென்று வருகிறாள். அவள் தாய் இன்னும் இட்டிலி விற்கிறார். என்னைக் கண்டால் காசு வாங்க மறுக்கிறார்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய வாரத்தில், செம்பூரில் என்னோடு இருக்கும் தந்தையாரிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். அவருக்கு இப்போது எண்பது வயது. 'பெயரை மறைத்து வாங்கும் சம்பளம்' என்னும் அவருடைய சொல்லை நம்பி நான் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன அறிவுரையையும், அதனால் அவள் இழந்த எட்டு மாதங்களையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"முழுப் பெயரும் எழுதினேன், உண்மைதான். ஆனால் அந்த ஆபீஸில் தலைமை அக்கவுண்டன்ட் நம் தஞ்சாவூர்க்காரர் என்று மெஸ்ஸில் விசாரித்துக்கொண்டுதான் எழுதினேன். மற்ற இடங்களுக்கு நான் விண்ணப்பமே போடவில்லையடா. அந்தக் குழந்தைக்கு உள்ளே யார் இருந்தார்கள்?"